குட்டியா, வளர்ந்த நாயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்களைத் தத்தெடுப்பது பற்றித் தங்கள் நாளிதழில் கட்டுரை வரும்போதெல்லாம் அதனுடன் அச்சாகும் படம் பெரும்பாலும் ஒரு குட்டியினுடையதாகவே இருக்கிறது. காப்பகத்துக்குச் செல்பவர்களும், ஐந்தாறு வயதான நாய்கள் கம்பிக்குப் பின்னால் வாலாட்டி நிற்க, குட்டிகள் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படிக் கேட்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

குட்டியிலிருந்து வளர்த்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்று நம்பி, பகல் முழுவதும் ஆளில்லாத வீட்டுக்கு 8 வாரக் குட்டியொன்றைக் கொண்டுவந்தேன். அந்த வயதில் அதனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. தடுப்பூசிகளைச் சில வார இடைவெளியில் ஏறத்தாழ 16 வாரம் வரை தொடர்ந்து போட வேண்டும். நான்காம் மாத வாக்கில் பால்பற்கள் விழத் தொடங்கியதும் அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பிறந்த 3ஆவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 14ஆவது வாரம் வரை எந்த மனிதர்களோடும் ஓசைகளோடும் பிற விலங்குகளோடும் பழகுகிறதோ, அவற்றையே நாய் பின்னாளில் எளிதாக, அச்சமின்றி ஏற்கிறது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அந்த வாரங்களில் பெரும்பகுதியை என் குட்டி பூட்டிய அறையில் கழித்தது. வளர்ந்த பிறகு, வாசலில் யார் வந்து நின்றாலும் அது நடுங்கிக்கொண்டே குரைத்தது. அந்த நடுக்கம் கடைசி வரை போகவில்லை. குற்றம் என்னுடையது.

அது இறந்து ஓராண்டுக்குப் பின் ஆறு வயதுப் பெண் நாய் ஒன்றைத் தத்தெடுத்தோம். கலப்பினக் குட்டி வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பதைக்கூட ஊகிக்கத்தான் முடியும். வளர்ந்த நாயின் உருவமும் குணமும் உடல்நிலையும் பெரிதும் கண்முன்னே தெரிகின்றன. குழந்தைகளையும் பூனையையும் பொறுத்துக்கொள்ளுமா, தனியே விட்டால் என்ன செய்யும், உண்ணும்போது அருகே போனால் உறுமுமா, யாரையாவது கடித்திருக்கிறதா, முன்பு வளர்த்தவர்கள் ஏன் விட்டார்கள் என்று பராமரிப்பாளரிடம் கூச்சமின்றிக் கேட்டோம். வெவ்வேறு வேளைகளில் மூன்று முறை சென்று, வீட்டிலுள்ள அனைவரும் அதை நடத்திப் பார்த்த பிறகே முடிவெடுத்தோம்.

நாயின் ஆயுள் பொதுவாக 10 முதல் 13 ஆண்டுகள். பெரிய இனங்களுக்கு இன்னும் குறைவு. அறுபதைக் கடந்த ஒருவர் குட்டியை வளர்க்க முன்வந்தால், எழுபதைத் தாண்டிய பின்னும் அதே நாயை இழுத்துப் பிடித்து நடத்த வேண்டியிருக்கும் என்பதையும், தம்மால் இயலாத நாளில் அது யாரிடம் போகும் என்பதையும் இப்போதே வீட்டாரோடு பேசிவிட வேண்டும். அத்தகையோருக்கு ஏழெட்டு வயதான, அமைதியான நாய் மிகவும் பொருந்தும்.

வளர்ந்த நாய் ஒட்டாது என்ற அச்சத்துக்கு என் வீட்டிலேயே பதில் கிடைத்தது. முதல் இரண்டு நாள் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. தட்டை அருகே வைத்துவிட்டு நாங்கள் விலகிய பின்தான் உண்டது. அந்நாட்களில் உறவினரை அழைக்காமலும், கட்டாயப்படுத்தித் தூக்காமலும், உணவுக்கும் நடைக்கும் நேரம் தவறாமலும் இருந்தோம். மூன்றாவது வாரம் தானாகவே வந்து என் காலடியில் படுத்தது. எல்லா நாய்க்கும் இதே கணக்கு என்று சொல்ல மாட்டேன். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும்.

பகலில் ஆள் இருக்கும், பொறுமையும் உள்ள வீட்டார் குட்டியைத் தாராளமாக எடுக்கலாம். 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காமல் இருந்தால் போதும். மற்றவர்களுக்காக, அடுத்த முறை தத்தெடுப்பு பற்றி எழுதும்போது வளர்ந்த நாய் ஒன்றின் படத்தையும் அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்