கிறுக்கனின் கதையைத் திருப்பி அனுப்பும் முன்

நாவல் பிரதிகளைத் தேர்ந்தெடுக்கும் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். ஊரோடு ஒட்டாத ஒருவனை நடுவில் நிறுத்தும் அங்கத நாவல்களை, "சிரிப்பு வருகிறது, ஆனால் எதைப் பற்றிய கதை என்று தெரியவில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜான் கென்னடி டூல் நியூ ஆர்லியன்ஸ் நகரை வைத்து எழுதிய 'எ கான்ஃபெடரசி ஆஃப் டன்சஸ்' நாவலுக்கும் 1960களில் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைத்தது. அவர் 1969இல் இறந்தார். அவருடைய தாய் கார்பன் நகலோடு அலைந்து, எழுத்தாளர் வாக்கர் பெர்சியை விடாப்பிடியாகப் படிக்கவைத்தார். 1980இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் நூலை வெளியிட்டது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு.

இவ்வகை நாவலில் முதலில் தேட வேண்டியது கருத்தை அல்ல, கதையை நகர்த்தும் விசையை. டூலின் நாவலில் அது கடன். நாயகன் இக்னேஷியஸின் தாயின் கார் ஒரு கட்டடத்தில் மோதியதால் 1,020 டாலர் கட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் வீட்டை விட்டு நகராத அவன் கால்சட்டைத் தொழிற்சாலைக்கும், பிறகு ஹாட்டாக் வண்டிக்கும் போகிறான். அந்தக் கடனை எடுத்துவிட்டால் அவன் படுக்கையறையை விட்டே வெளியே வரமாட்டான், கதையும் நகராது.

அடுத்து, கிறுக்குத்தனத்துக்கு ஒரு நியதி இருக்கிறதா என்று பாருங்கள். இக்னேஷியஸ் எல்லாவற்றையும் இடைக்காலத் தத்துவத்தை, குறிப்பாகப் போயீத்தியஸ் என்ற தத்துவஞானியை, வைத்தே அளக்கிறான். வெறும் சிடுசிடுப்பு என்றால் வாசகர் சீக்கிரமே சலித்துவிடுவார். எதிரே நிற்கும் சமூகமும் அபத்தமாக இருந்தாக வேண்டும்: மான்குசோ என்ற காவலரை மேலதிகாரி வேடம் போட்டுத் திரியவைக்கிறார், வேலையில்லாமல் திரிவதாகக் கைதாகிவிடுவோமோ என்ற பயத்தில் ஜோன்ஸ் என்பவன் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்கிறான். ஆசிரியர் நாயகனோடு முழுக்க ஒத்துப்போனால் பிரசங்கமாகிவிடும். அவனை மட்டுமே கேலி செய்தால் கொடுமையாகிவிடும்.

கிளைக்கதைகளை வெட்டச் சொல்லும் முன் ஒரு அட்டவணை போடுங்கள்: அத்தியாயம், பாத்திரம், சந்திக்கும் ஆள், கைமாறும் பொருள். இவ்வகை நாவல்களில் இழைகள் கடைசியில் ஒரே இடத்தில் மோதும். நடுவில் ஓர் இழையை அறுத்தால் அந்த மோதல் தற்செயலாகத் தோன்றும். சிரிப்பு அங்கேயே செத்துவிடும். இழை எங்கும் தொடாமல் தனியே ஓடுகிறது என்று அட்டவணை காட்டினால் மட்டும் வெட்டுங்கள்.

உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். பேசுபவரின் பெயரை மறைத்த பிறகும் குரல் அடையாளம் தெரிகிறதா? தெரியாவிட்டால் திருத்தம் அங்கே தொடங்கட்டும்.

அப்படியும் மறுப்பதானால், எந்தப் பக்கத்தில் வாசிப்பு நின்றது, ஏன் நின்றது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். எழுதியவருக்கு அதை வைத்து வேலை செய்ய முடியும்.

இப்படிக்கு,
அங்கத நாவல்களைச் செப்பனிடுவோர்