கோரஸ் பாடியவர் பெயரை ரெக்கார்டிங் அன்றே எழுதிவையுங்கள்

மதிப்பிற்குரிய இசையமைப்பாளர்கள், தயாரிப்பாளர்கள், ஆடியோ நிறுவனத்தார் அனைவருக்கும் வணக்கம்.

மதுரையில் பிறந்த டி.எம்.எஸ்.ஸுக்கு 2023-இல் முனிச்சாலையில் சிலை வைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. அதே ஊரிலிருந்தும் தேனி, திண்டுக்கல் பக்கமிருந்தும் சென்னைக்கு வந்து கோரஸ், ஹம்மிங், டிராக் (முதன்மைப் பாடகர் பாடுமுன் மாதிரிக்காகப் பதியும் குரல்) பாடுகிற பிள்ளைகளின் பெயர் பல பாடல்களில் எங்கேயும் இருப்பதில்லை.

கோரஸ் லேசுப்பட்ட வேலை இல்லை. நான்கு பேர் பாடியதை நான்கு தடவை அடுக்கினால் பதினாறு குரல். ஒருவர் சட்ஜமம், ஒருவர் காந்தாரம், ஒருவர் பஞ்சமம் பிடிக்கும்போது, கர்நாடக சங்கீதம் படித்த குரல் பழக்கத்தில் காந்தாரத்தைக் கொஞ்சம் அசைத்துவிடும். அந்த அசைவு நான்கு அடுக்கிலும் ஏறி ஹார்மனியே கலங்கிப்போகும். அசைக்காமல் நேராகப் பிடிக்கத் தனிச் சாதகம் வேண்டும். 'ம்' என்று முடிகிற சொல்லில் எல்லா உதடும் ஒரே தாளத் தட்டில் மூட வேண்டும். தன் சுருதியைக் கேட்க ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்குவார்கள். விலக்கிய பக்கத்தைத் தலையோடு அழுத்தி வைக்காவிட்டால் ஹெட்போனில் தாளத்துக்காக ஓடும் கிளிக் சத்தம் மைக்கில் ஏறி டேக் வீணாகும்.

2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், பாடியவரின் குரல் வணிகத்துக்குப் பயன்பட்டால் அவருக்கு ராயல்டி உண்டு என்கிறது. அந்த உரிமை 50 ஆண்டு நிற்கும். ஆனால் அதே சட்டத்தில், படத்தில் சிறு பங்களித்து, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கும் பெயர் குறிக்கப்படாதவர் கலைஞராகவே கருதப்படமாட்டார் என்றும் இருக்கிறது. தன் குரலைச் சிதைத்தால் ஆட்சேபிக்கலாம், அவ்வளவுதான். ஆக, பெயர் விட்டுப்போனால் ராயல்டி கேட்கிற வழியும் அடைபடுகிறது.

யாரும் வேண்டுமென்று விடுவதில்லை என்றே நம்புகிறோம். கம்ப்யூட்டரில் 'பெண் கோரஸ் 2' என்று பதிவாகிறது. சம்பளம் கோஆர்டினேட்டர் கையால் ரொக்கமாக வருகிறது. வவுச்சரில் படத்தின் பெயர் இருக்காது. பல சமயம் படத்துக்கே அன்றைக்குப் பெயர் வைத்திருக்கமாட்டார்கள். மாதக்கணக்கில் கழித்து ஆடியோ நிறுவனம் பட்டியல் கேட்கும்போது யார் வந்தார்கள் என்பது எவர் நினைவிலும் இருப்பதில்லை. செயலிகளில் பாட்டு ஏறிய பிறகு திருத்துவது பெரும்பாடு.

ஆகவே ரெக்கார்டிங் முடிந்ததும் ஒரு தாள் போதும்: தேதி, இயக்குநர் பெயர், பாட்டின் முதல் வரி, பாடியவர் பெயர், அவர் பாடிய பகுதி, இரு தரப்புக் கையெழுத்து. ஒரு நகலைப் பாடியவரிடமே கொடுத்துவிடுங்கள். இன்ஜினியர் ஒவ்வொரு குரல்பதிவையும் பாடியவர் பெயரிலேயே சேமிக்கட்டும். பாட்டோடு அந்தத் தாளும் ஆடியோ நிறுவனத்துக்குப் போகட்டும்.

டிராக் பாடியவரின் குரலை மாற்றுவது உங்கள் உரிமை. மாற்றிய பிறகும் சரணத்துக்கு முந்தைய ஹம்மிங் அவருடையதாகவே நின்றால் அதற்குப் பெயர் போடுங்கள். முழுக்க மாற்றிவிட்டால், பாட்டு வெளிவருமுன் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். சொந்தபந்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு தன் குரல் வரும் என்று காத்திருக்கிற பிள்ளை அது.

இப்படிக்கு,
மதுரை வட்டார மெல்லிசைப் பாடகர்கள், குரல் பயிற்சியாளர்கள்