தப்பு செய்யாதவங்களுக்கு என்ன பயம்னு கேட்ட ஆசிரியருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை தலையங்கத்துல யுஏபிஏ, அதாவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தைப் பத்தி, "தப்பு செய்யாதவர்கள் இந்தச் சட்டத்தைக் கண்டு அஞ்சத் தேவையில்லை"ன்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் அப்படியே மனசு குளிர்ந்துபோச்சு சார்.

நான் கோயம்புத்தூர்க்காரன். 1998 பிப்ரவரி 14 அன்னிக்கு ஊருக்குள்ளதான் இருந்தேன், 58 பேர் செத்தாங்க, தீவிரவாதம்னா என்னன்னு எனக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேணாம். குண்டு வைக்கிறவனைப் புடிச்சு உள்ள போடுங்க, யாரு வேணாங்கறா.

ஆனா உங்களுக்குத் தெரியாததா, 2002ல பொடாங்கற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தப்பவும் இதே வசனம்தான் பேசுனாங்க. அந்தச் சட்டத்தை ஆதரிச்ச வைகோவையே அதே வருஷம் ஜூலைல, திருமங்கலம் கூட்டத்துல பேசுனதுக்காகப் புடிச்சு ஒன்றரை வருஷத்துக்கு மேல வேலூர் ஜெயில்ல வெச்சிருந்தாங்க. வெறும் பேச்சுக்கு! 2004ல பொடாவை எடுத்துட்டாங்கன்னு நாம கைதட்டிட்டு இருக்கும்போதே அதுல இருந்த பாதியைத் தூக்கி யுஏபிஏல சேத்தாச்சு, 2008ல இன்னும் இறுக்கி, சார்ஜ் ஷீட் போடவே 180 நாள் வரைக்கும் டைம், போலீஸ் எழுதினது மேலோட்டமா உண்மைன்னு ஜட்ஜுக்குப் பட்டாலே ஜாமீன் கிடையாது. பழங்குடி மக்களுக்காக உழைச்ச பாதிரியார் ஸ்டேன் சுவாமி நம்ம திருச்சிப் பக்கத்து மனுஷன்தானே, இதே யுஏபிஏல 83 வயசுல புடிச்சாங்க, கை நடுங்குது, டம்ளர் நிக்கல, உறிஞ்சிக் குடிக்க ஒரு கப்பு வேணும்னு கோர்ட்ல மனு போட வேண்டியிருந்துச்சு. 2021 ஜூலைல விசாரணைக் கைதியாவே போய்ட்டார். அவர் தப்பு செஞ்சாரா இல்லையான்னு இனி எந்த கோர்ட்ல கேக்கறது?

என் ஜெராக்ஸ் கடைல யாரோ ஒரு கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிச்சுட்டுப் போனாங்க. மறுநாள் மஃப்டில ரெண்டு பேர் வந்து சிபியூவை வயரோட புடுங்கிட்டுப் போய்ட்டாங்க, ரசீது கேட்டா "உனக்கு ரசீது வேறயா"ன்னு ஒரு சிரிப்பு. காலேஜ் பசங்க ப்ராஜெக்ட் பூரா அதுக்குள்ள, ஒரு பொண்ணு வாசப்படில உக்காந்து அழுதுச்சு. கேஸும் இல்ல, சிபியூவும் வரல, பில்டிங் ஓனர் மட்டும் கரெக்டா அடுத்த மாசமே கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டார். தப்பு செய்யாதவன் நிலைமை இதுதாங்க.

சட்டத்தை மாத்துங்கன்னு உங்ககிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது. ஒருத்தனைக் கைது பண்ணா மொதப் பக்கத்துல போட்டோவோட "பயங்கரவாதி சிக்கினான்"னு போடறீங்களே, அவனே விடுதலை ஆனா அதே பக்கத்துல அதே சைஸ்ல போடுங்க, அது போதும். போன வருஷம் பார்க்கிங் பத்தி நான் எழுதின லெட்டரைப் பாதி வெட்டிட்டீங்க. இதையும் வெட்டறதா இருந்தா தயவுசெஞ்சு போடவே வேணாம்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன், கோவை