பாதிக் கதைக்கு முழு டிக்கெட்டா?

தொடர் படங்கள் எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் இரண்டாம், மூன்றாம் பாகங்களை வீட்டுத் திரைக்கு வரும்வரை காத்திராமல் தியேட்டருக்கே போய்ப் பார்ப்பவன் நான். அதுவும் முதல் வாரத்திலேயே. ஆகவே, இரண்டாம் பாகம் என்றாலே கல்லாப்பெட்டி வேலை என்று முகம் சுளிப்பவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். எனக்கு உங்களோடு இருப்பது ஒரே ஒரு வழக்கு. கதை பாதியில் நிற்கப் போகிறது என்றால் அதை டிக்கெட் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

2023இல் 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' பார்த்தேன். அதில் வரும் க்வென் என்ற பெண் தன் தந்தையிடம் பேசும் காட்சியில், அவர்கள் மனம் மாற மாறப் பின்னாலிருக்கும் வண்ணங்களும் நீர்வண்ண ஓவியம்போல வழிந்து மாறும். அந்த ஒரு காட்சிக்காகவே இன்னொரு முறை போயிருப்பேன். ஆனால் கதாநாயகன் மைல்ஸ் வேறோர் உலகில் கட்டுண்டு கிடக்கும்போது 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்திருக்கவே இல்லை. "இன்னும் இருக்கிறதுதானே?" என்று தந்தையிடம் கேட்டான். பெயர்கள் ஓடி முடியும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் படத்தை முதலில் அறிவித்தபோது பெயரோடு 'முதல் பாகம்' என்பதும் இருந்தது. வெளியாவதற்கு முன்பே அதை எடுத்துவிட்டார்கள். அடுத்த படம் 2024 மார்ச்சில் வருவதாக இருந்தது, இப்போது 2027க்குப் போய்விட்டது. அந்தச் சிறுவனுக்கு அன்று எட்டு வயது என்று வைத்துக்கொண்டால், மைல்ஸின் கட்டு அவிழும்போது பன்னிரண்டு ஆகியிருக்கும். அதற்குள் அவனுக்குச் சிலந்தி மனிதனே சலித்துப் போயிருக்கலாம்.

'டூன்' கதை இன்னும் வேடிக்கை. 2021இல் போஸ்டரில் 'டூன்' என்று மட்டும்தான் இருந்தது. விளக்கணைந்து கதவும் சாத்திய பிறகு திரையில் 'முதல் பாகம்' என்று வருகிறது. அமெரிக்காவில் படம் வெளியான அன்றுகூட இரண்டாம் பாகத்துக்கு ஒப்புதல் கிடைத்திருக்கவில்லை, சில நாட்கள் கழித்துத்தான் அறிவித்தார்கள். வசூல் கைவிட்டிருந்தால் கதாநாயகன் பால் இன்றுவரை அந்த மணலிலேயே நின்றுகொண்டிருப்பான். 2024இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் முதன்முதலாக மணற்புழுவின் மேல் ஏறும்போது என் நாற்காலியே அதிர்ந்தது. காத்திருந்தது வீண் இல்லை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காத்திருக்கப் போகிறோம் என்பதை எங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் இல்லையா? 'விக்கட்' படத்திலும் இதே கதைதான், திரையில் மட்டும் 'முதல் பாகம்'.

சொன்னால் கூட்டம் குறையும் என்பது உங்கள் பயம். 'பொன்னியின் செல்வன்' பெயரிலேயே 1 என்று போட்டுக்கொண்டு 2022 செப்டம்பரில் வந்தது; ஏழு மாதத்தில் இரண்டாவதும் வந்துவிட்டது. யாரும் ஏமாறவில்லை, அரங்கும் காலியாகக் கிடக்கவில்லை. 'பாகுபலி'யையும் எண்ணிப் பாருங்கள். கட்டப்பா ஏன் கொன்றார் என்ற கேள்வியை 2015 முதல் 2017 வரை சுமந்தோம், ஆனால் முணுமுணுக்கவில்லை. ஏனென்றால் காலகேயர்களுடனான போர் அந்தப் படத்துக்குள்ளேயே மூண்டு, நடந்து, முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் கேள்வியைப் போட்டார்கள். ஒரு கதையை முடித்துவிட்டு மறு கதைக்கு வாசல் திறப்பதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. நடுவிலே வெட்டிவிட்டு அந்த வெட்டையே முடிவு என்று சொல்வதுதான் பொறுக்கவில்லை.

சில படங்களில் கடைசிப் பத்து நிமிடமும் அடுத்த பாகத்தின் விளம்பரமாகவே ஓடுகிறது. விளம்பரத்தைக் காசு கொடுத்துப் பார்க்கும் பிறவிகள் உலகில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'அவதார்' முதல் படத்தில் வில்லன் குவாரிச் செத்ததை இந்தக் கண்ணாலேயே பார்த்தேன். பதின்மூன்று ஆண்டு கழித்து இரண்டாம் படத்தில் அதே ஆள் நீல உடம்போடும் பழைய நினைவுகளோடும் வந்து நிற்கிறார். அந்தக் கடலையும் அதற்குள் நீந்தும் உயிர்களையும் வாய் பிளந்து பார்த்தவன்தான் நான். ஆனால் அதன் பிறகு அந்தப் படத்தில் யார் செத்தாலும், 'எந்தப் பாகத்தில் எழுந்து வருவாரோ' என்றே மனம் கணக்குப் போட்டது. துக்கம் வரவேண்டிய இடத்தில் கணக்கு வந்தால் குற்றம் என்னுடையதா?

இவ்வளவு திட்டிவிட்டு நல்லதைச் சொல்லாமல் போனால் நன்றாயிராது. 1986இல் வந்த 'டாப் கன்' படத்துக்கு 36 ஆண்டு கழித்து 2022இல் 'மேவரிக்' வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பழைய படத்தைப் பார்த்ததில்லை. கதாநாயகனான விமானி மேவரிக்கின் இறந்துபோன நண்பனுடைய மகன் பியானோ வாசித்துப் பாடுகிறான்; மேவரிக் வெளியே நின்று கண்ணாடி வழியே பார்க்கிறார். பழைய படத்திலிருந்து சில நொடிகள் வந்து போகின்றன, அவ்வளவே. பக்கத்தில் இருந்தவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு, பழைய படத்தில் மேவரிக்கோடு போட்டி போட்ட ஐஸ்மேன். அவராக நடித்த வால் கில்மர் தொண்டைப் புற்றுநோயால் குரலை இழந்திருந்தார். அதை மறைக்கவில்லை, பாத்திரத்துக்கும் அந்த நோயையே கொடுத்து, சொல்ல வேண்டியதைக் கணினியில் தட்டச்சு செய்ய வைத்தார்கள். எழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் வரும்போது அரங்கில் ஒருவரும் அசையவில்லை. முப்பத்தாறு ஆண்டு கடந்ததை அந்தக் காட்சி ஒளிக்காமல் உள்ளே அழைத்துக்கொண்டது.

'இன்சைட் அவுட்' இரண்டாம் பாகத்துக்கும் அப்படி ஒரு காரணம் இருந்தது: உணர்ச்சிகளே பாத்திரங்களாக உலவும் மனத்துக்குச் சொந்தக்காரியான சிறுமி ரைலிக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது. அந்த வயதில் என்ன வருமோ அதுதான் வந்தது, பதற்றம். ஆரஞ்சு நிறச் சூறாவளியாகச் சுழன்று, நடுவில் உறைந்துபோய்க் கண்ணில் ஒரு துளியோடு அது நிற்கும் இடம் எந்த முன்கதையும் தெரியாதவரையும் உலுக்கிவிடும்.

ஆகவே, போஸ்டரில் படத்தின் பெயருக்குக் கீழே, நடிகர் பெயர் அளவு வேண்டாம், அதில் பாதி அளவு எழுத்தில், 'இது முதல் பாகம், கதை இதில் முடியாது' என்று போடுங்கள். முன்பதிவு செய்யும் திரையிலும் போடுங்கள். அடுத்த பாகத்தின் தேதி உறுதியாகத் தெரிந்தால் அதையும். தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே போடுங்கள், அப்போதும் நான் வருவேன்.

இப்படிக்கு,
பெயர்ப்பட்டியல் முடியும்வரை எழாத ஒரு பார்வையாளன்