அந்தப் படத்தைக் குழுவோடு நிறுத்திவிடாதீர்கள்: காலைநடை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, பூங்காவில் கேமராவும் கையுமாகத் திரியும் தம்பி தங்கைகளே,

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஒரு பறவைப் படம் வருகிறது. 'இது என்ன, யாருக்காவது தெரியுமா?' என்று ஒருவர் கேட்பார். நாலு பேர் இதயம் போடுவார்கள், ஒருவர் 'கிளி' என்பார், அப்புறம் குட்மார்னிங் படங்கள் வந்து அதை மூடிவிடும். அந்தப் படம் போய்ச் சேர வேண்டிய இடம் பறவைகளைப் பதிவு செய்யும் தளங்கள், அங்கேயும் அனுப்புங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஊருக்குப் புதிதாக வந்த பறவை முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் விடிந்ததும் நடக்கக் கிளம்புகிற நமக்குத்தான்.

இதில் என்ன அவசரம் என்றால், வெளியிலிருந்து வந்த பறவை பெருகிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. காப்பிக்கடையில் மிச்சச் சோற்றுக்குச் சண்டை போடும் கறுப்பு மைனாவைப் பாருங்கள். அது ஜாவா மைனா. 1920களில் கூண்டுப் பறவை வியாபாரம் வழியாக இங்கே வந்தது. கறுப்பு உடம்பு, அலகுக்கு மேலே சின்னக் கொண்டை, வாலடியில் வெள்ளை. தமிழ்நாட்டில் பார்த்த, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோலுள்ள பழுப்பு மைனாவை இங்கே தேடித்தான் பார்க்க வேண்டும். ஜாவா மைனாவை இனி இந்தத் தீவிலிருந்து துடைத்தெடுப்பது நடக்காத காரியம். வேடிக்கை என்னவென்றால் சொந்த ஊரான ஜாவாவில் பிடித்துப் பிடித்து விற்றே அதை அருக வைத்துவிட்டார்கள்.

காக்கை கதையும் இதுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவிலுள்ள கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள் (நம் ஆட்களையும் தோட்ட வேலைக்குக் கப்பலேற்றிய காலம்தான்). 1940களில் அது சிங்கப்பூரிலும் இருந்தது. பின்னாலேயே குயிலும் வந்து நிலைத்துவிட்டது. முன்பு வலசைக் காலத்தில் மட்டும் தலைகாட்டிய பறவை, முட்டையிடக் காக்கைக் கூடு கிடைத்ததும் இங்கேயே குடும்பம் நடத்துகிறது. விடியுமுன்னே குயில் கூவித் தூக்கம் கெடுகிறது என்று புலம்புகிறவர்கள் காக்கையைத்தான் கேட்க வேண்டும். இதற்கு நேர்மாறாக நெதர்லாந்தில் ஒன்று நடந்தது. 1990களில் கப்பலோடு ஒட்டிக்கொண்டு ஒரு துறைமுக ஊருக்குப் போன இதே காக்கைகள் அங்கே குஞ்சு பொரித்துப் பெருகத் தொடங்கின. எண்ணிக்கை சில பத்துகளில் இருக்கும்போதே அரசு இறங்கி அவற்றை ஒழித்துவிட்டது. எத்தனை இருக்கும்போது தெரியவருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சரி, சந்தேகம் வந்தால் எதைப் பார்ப்பது? கிளியையே எடுத்துக்கொள்வோம், அதிகம் குழம்புவது அதில்தான். இந்த மண்ணின் கிளி நீளவால் கிளி: உச்சந்தலை பச்சை, கன்னம் சிவப்பு. தலை சாம்பல், மார்பு இளஞ்சிவப்பு, தாடையில் மீசை வைத்த மாதிரி கறுப்புப் பட்டை என்றால் அது வெளியூரிலிருந்து வந்து பெருகிய செம்மார்புக் கிளி. கழுத்தில் ரோஜா வளையம் இருந்தால் கிளி ஜோசியத்தில் பார்த்த நம்மூர்ப் பச்சைக்கிளி, அதுவும் இங்கே வந்தேறிதான். எல்லாம் பச்சை, எல்லாம் கத்தும், ஆனால் மூன்றுக்கும் குடியிருக்க மரப்பொந்து வேண்டும், பொந்துள்ள பெரிய மரங்களோ நகரத்தில் குறைவு. அதனால் 'கிளி பார்த்தேன்' என்று மட்டும் சொன்னால் போதாது. பொந்துக்குள் எது நுழைகிறது, எது எதைத் துரத்துகிறது, குஞ்சுக்கு இரை ஊட்டுகிறதா, வேறு பறவையென்றால் கூடு கட்டக் குச்சி தூக்குகிறதா, இதையெல்லாம் எழுதுங்கள். தனியாகத் திரியும் ஒற்றைப் பறவையைவிடக் கூடு கட்டும் ஜோடி பல மடங்கு முக்கியமான செய்தி.

படம் அழகாக வர வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அலகும் காலும் வாலடியும் தெரிந்தால் மங்கலான படமே போதும். காலில் வளையம் இருந்தாலோ, ஆள் கிட்டப் போயும் பறக்காமல் நின்றாலோ, யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பியதாக இருக்கலாம். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை நீலவால் பஞ்சுருட்டான் மாதிரி வடக்கேயிருந்து வலசை வரும் விருந்தாளிகளும் உண்டு, எனவே புதுமுகம் எல்லாம் ஆக்கிரமிப்பாளர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இடம், தேதி, நேரம், எத்தனை, இவற்றோடு 'உறுதியாகத் தெரியவில்லை' என்றும் சேர்த்து எழுதலாம், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

எங்கே அனுப்புவது? பார்த்த உயிரினங்களைப் பதிவிடுகிற ஐநேச்சுரலிஸ்ட், பறவைகளுக்கான ஈபேர்ட் என்ற இணையத் தளங்கள் இரண்டும் இலவசம், பதிவும் நிலைத்து நிற்கும். அடிபட்டுக் கிடந்தாலோ ஆட்களைத் தாக்கினாலோ தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். நீங்களாக வலை விரிப்பது, கூட்டைக் கலைப்பது வேண்டவே வேண்டாம். இன்னொன்று, வைக்கோல்தலைச் சின்னான் மாதிரி அழிவின் விளிம்பில் உள்ள பறவையின் கூட்டைக் கண்டால் இடத்தைக் குழுவில் போடாதீர்கள். அதன் பாட்டுக்காகவே பிடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அமாவாசைச் சோறு பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே காட்டுயிர்களுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், காக்கைக்கும் அதே சட்டம்தான். சாமியறையில் படைத்துவிட்டு வீட்டில் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடலாம், முன்னோர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கடைசியாக, வீட்டில் கூண்டு வைத்திருப்பவர்களுக்கு. கிளி பறந்துபோய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், என்ன இனம், எந்த புளோக், எப்போது என்று அன்றைக்கே குழுவில் போடுங்கள், தேட நாங்களும் வருகிறோம். வளர்க்க முடியவில்லை என்று நீங்களாகவே திறந்து விடுவது வேறு கதை. அதற்கும் அபராதம் உண்டு, அதோடு கூண்டில் பழகிய பறவை வெளியே பெரும்பாலும் பிழைக்காது. வேறு வீடு தேட வேண்டுமென்றால் கேளுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பாசிர் ரிஸ் பக்கமிருந்து ஒரு காலைநடைக்காரர்