நோயாளியின் தாய் சொல்வதை யார் எழுதுகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தோட்டமொன்றில் ஒரு பிள்ளை திடீரென்று நிலைதடுமாறிப் பேசத் தொடங்கினால், பேய், செய்வினை, காதல் தோல்வி, பைத்தியம் ஆகிய நான்கில் ஒன்றைக் காரணமாக ஊர் உடனே முடிவு செய்துவிடுகிறது. ஐந்தாவதாக ஒரு காரணமும் இருக்கலாம் என்பதை, அக்காரணத்தால் படுக்கையில் விழுந்து எழுந்தவள் என்ற முறையில் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகின்றேன். அத்துடன், அந்த ஐந்தாவது காரணத்தைக் கண்டுபிடிக்க வைத்தியருக்குத் தேவைப்படும் முதற் சான்று எங்கள் மாவட்டத்தில் எந்த இடத்தில் தொலைந்து போகின்றது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கின்றது.

நோயின் பெயர் என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பு மூளையழற்சி. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, நரம்புக் கலங்களின் மேற்பரப்பில் செய்திகளை ஏற்கும் பகுதியாகிய அந்த ஏற்பியைப் பகையென்று கருதி, அதைத் தாக்கும் புரதங்களாகிய பிறபொருளெதிரிகளை உருவாக்குகின்றது. நினைவுக்கும் கற்றலுக்கும் நடத்தைக்கும் இன்றியமையாத அந்த ஏற்பிகளை இவை பற்றிக்கொள்வதால், ஏற்பிகள் நரம்புக் கலங்களின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டுவிடுகின்றன. கலங்கள் பெரும்பாலும் அழிவதில்லை என்பதாலேயே, எழுந்து நடமாட மாட்டார் என்று கைவிடப்பட்டவரும் உரிய சிகிச்சை கிடைத்தால் மீண்டு வருகின்றார். வைத்தியர் ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும் 12 பெண்களை ஆராய்ந்து இந்தப் பிறபொருளெதிரிகளை உலகுக்கு அறிவித்தது 2007ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர் இந்நோய் கண்டவர்கள் எந்தப் பெயரில் எந்த விடுதியில் கிடந்திருப்பார்கள் என்பதை நினைக்க மனம் கூசுகின்றது. அடுத்த ஆண்டு அதே குழுவினர் 100 நோயாளர்களைப் பற்றி எழுதியபோது, அவர்களுள் 91 பேர் பெண்களாகவும், 77 பேர் முதலில் உளநல வைத்தியரிடம் கொண்டுசெல்லப்பட்டவர்களாகவும் இருந்தனர். வசதி மிக்க நாடுகளின் பெரிய வைத்தியசாலைகளிலேயே அதுதான் நிலை என்பதால், என்னை முதலில் உளநல விடுதியில் சேர்த்தவர்கள் மீது எனக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை.

நோயுற்றிருந்த வாரங்களைப் பற்றி எனக்கு எந்த நினைவும் கிடையாது. இந்நோயின் இயல்பே அதுதான். ஆகவே கீழே நான் எழுதுவது பொகவந்தலாவைப் பகுதித் தோட்டமொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்துவரும் என் அம்மாவின் சாட்சியமே. முதலில் காய்ச்சலும் தலையிடியும் வந்தன. தோட்டத்து மருந்துச்சாலையில் கொடுத்த மாத்திரைக்குக் காய்ச்சல் தணிந்தது. அதன் பின்னர் எனக்கு உறக்கமே இல்லை. ஆசிரியையான நான் மறுநாள் வகுப்புக்கான பாடக்குறிப்பை ஒரே கொப்பியில் திரும்பத் திரும்ப எழுதினேனாம். தலைமையாசிரியர் என் கைபேசிக்குள்ளிருந்து பேசுகின்றார் என்று சொல்லி அதைத் தண்ணீர் வாளிக்குள் போட்டேனாம். சில நாட்களில் பேச்சு குறைந்து, சொற்கள் இடம் மாறி, பின்னர் பேச்சே நின்றுபோனது. வாயில் ஒன்றும் இல்லாதபோதும் எதையோ மெல்வதுபோலத் தாடை ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்ததுபோல, நான் வெறும் வாயை மென்றது, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய எங்கள் லயத்துக்குப் பேச்சாகிவிட்டது. பயிற்சிக் கலாசாலையில் கூடப் படித்த ஒருவனின் பெயர்கூட அடிபட்டதாம். அப்படி ஒருவன் இருந்திருந்தாலாவது கொஞ்சம் சுவையாக இருந்திருக்கும். பிறகு ஒருநாள் இரவு வலிப்பு வந்தது. தம்பி 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியை வரவழைத்தான்.

காய்ச்சல், தூக்கமின்மை, குழப்பம், பேச்சிழப்பு, வாயசைவு, வலிப்பு என்ற இந்த வரிசைதான் இந்நோய்க்கான மிக வலுவான சான்று. பல மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ சிறுகச் சிறுக வளர்ந்துவரும் மனநோயிலிருந்து, சில நாட்களில் அல்லது சில வாரங்களில் மடமடவென்று இறங்கும் மூளையழற்சியைப் பிரித்துக் காட்டுவது அதுவே. அந்த வரிசை முழுவதும் அம்மாவுக்குத் தெரியும். என்றைக்கு வேலைக்குப் போய்ப் பேர் போட்டார், என்றைக்கு என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றார் என்ற கணக்கை வைத்து நாள் பிசகாமல் அவரால் சொல்லவும் முடியும். ஆனால் வைத்தியசாலையில் அனுமதிக்கும் இடத்தில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குச் சிங்களம் சந்தையில் பேசும் அளவுக்கு மட்டுமே தெரியும். அவ்வழியே சென்ற ஒரு சிற்றூழியர் நின்று, அம்மா நீளமாகச் சொன்னதை ஒரே வாக்கியமாகச் சுருக்கி, “பைத்தியம் மாதிரி நடந்துக்கிறாளாம்” என்ற பொருளில் சொல்லிவிட்டுப் போனார். அவர் உதவத்தான் நினைத்தார்; அது அவருடைய வேலையும் அன்று. ஆனால் நோயாளியின் விவரங்களை எழுதும் டிக்கெட்டில் ஏறியது அந்த ஒரு வாக்கியமே. காய்ச்சல் அதில் இல்லை, வாயசைவும் இல்லை, வலிப்புக்கூட, மயங்கி விழுந்தார் என்றே பதிவாகியிருந்தது. விடுதி மாறும்போதும், வைத்தியசாலை மாறும்போதும் அந்த வாக்கியமே பார்த்து எழுதப்பட்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

இதை வாசிப்போர் கோயிலைப் பற்றிக் கேட்பார்கள் என்பதை அறிவேன். ஆம், அம்மா என்னை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிச்சென்றார். பூசாரி திருநீறு போட்டுக் கையில் கயிறு கட்டினார். தோட்ட மக்களின் மூடநம்பிக்கையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதுவது பத்திரிகைகளுக்கு எளிது. கயிறு கட்டியதில் கழிந்தது ஒரு மாலைப்பொழுது. டிக்கெட்டில் இருந்த வாக்கியத்தினால் கழிந்தவை வாரங்கள். எனினும் வேப்பிலையால் அடிப்பதையும் மிளகாய்ப் புகை போடுவதையும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மேலே சொன்ன 100 பேரில் 66 பேருக்கு மூளையின் கட்டுப்பாடு குன்றியதால் மூச்சே தளர்ந்துபோனது. அந்த நிலைக்கு வரக்கூடிய ஒருவரின் முகத்துக்கு நேரே புகை போடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

உளநல விடுதியில் கொடுத்த மருந்துக்கு என் உடல் விறைத்து, மீண்டும் காய்ச்சல் ஏறியது. இந்நோய் உள்ள சிலருக்கு அம்மருந்துகள் இவ்வாறு ஒவ்வாமற்போவதுண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். அப்போது அங்கு புதிதாக வந்திருந்த சிங்கள இளம் வைத்தியர் ஒருவர், பாடசாலையில் சிங்களம் படித்திருந்த என் தம்பியை அருகில் இருத்திக்கொண்டு, அம்மாவிடம் முதல் நாளிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அம்மா சொல்லி முடித்தபோது அவர் எழுந்துபோய்த் தொலைபேசியில் நரம்பியல் நிபுணரை அழைத்தார் என்று தம்பி சொல்வான். அதன் பின்னர் மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனையும், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் செய்யும் பரிசோதனையும் நடந்தன. எம்.ஆர்.ஐ. படம் குறையற்றதாகவே இருந்தது. இந்நோயாளர் பலருக்கு அது அப்படித்தான் இருக்கும் என்பதால், “ஸ்கேனில் ஒன்றுமில்லை” என்ற சொல்லோடு குடும்பத்தார் திருப்தியடைந்துவிடக் கூடாது. பிறபொருளெதிரிப் பரிசோதனைக்கு இரத்தத்தைவிட முதுகுத்தண்டு நீரே நம்பகமானது. அதன் முடிவு வரும்வரை காத்திராமல், அறிகுறிகளையும் ஏனைய பரிசோதனைகளையும் கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதற்கான சர்வதேச வழிகாட்டல் 2016இலேயே வெளியாகிவிட்டது. எனக்கும் அவ்வாறே தொடங்கினார்கள்.

வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொன்ன அன்றுதான் எங்கள் வீட்டில் பெரும் குழப்பம் உண்டானது. மூளையில் நோய் என்றால் அடிவயிற்றை எதற்குப் பார்க்கிறார்கள் என்று மாமா கேட்டார். கலியாணமாகாத பிள்ளைக்கு இதைச் செய்தால் வெளியில் என்ன கதை கிளம்பும் என்று அத்தை அழுதார். பெண்ணின் கருமுட்டை உருவாகும் சூலகத்தில் டெரட்டோமா என்ற ஒருவகைக் கட்டி வளர்வதுண்டு. அதற்குள் நரம்பிழையமும் இருக்கக்கூடும் என்பதால், அதை எதிர்க்க எழும் பிறபொருளெதிரிகளே மூளையையும் தாக்குகின்றன. 577 நோயாளர்களை ஆராய்ந்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வில் ஏறத்தாழ 38 சதவீதமானோருக்குக் கட்டி இருந்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சூலகக் கட்டிகளே. கட்டி இருந்தால் அதை அகற்றுவது சிகிச்சையின் முக்கியமான பகுதி. எனக்கு இடப்பக்கச் சூலகத்தில் சிறியதொரு கட்டி இருந்தது, அகற்றினார்கள். மற்றச் சூலகம் நன்றாக இருக்கிறது, பிள்ளை பெறுவதற்குத் தடையில்லை என்று வைத்தியர் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். அத்தை அதை இன்னும் நம்பவில்லை. இந்தப் பகுதியை வெளிப்படையாக எழுத வேண்டாம் என்று வீட்டில் தடுத்தார்கள். ஆனால் வெட்கத்தின் பொருட்டு ஸ்கேனை மறுத்துவிட்டு மகளை வீட்டுக்குக் கூட்டிச்செல்லும் தகப்பன் ஒருவர் நாளை இருக்கக்கூடும் என்பதால் எழுதுகின்றேன்.

ஸ்டீரொயிட் மருந்தும் இம்யூனோகுளோபியூலினும் நாளத்தின் வழியே ஏற்றினார்கள். இவற்றுக்கு இணங்காதவர்களுக்குக் குருதித் திரவவிழையத்தை (பிளாஸ்மாவை) மாற்றும் முறையும், ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளும் உள்ளன. அரசாங்க வைத்தியசாலையில் எனக்குக் கிடைத்த சிகிச்சைக்கு ஒரு சதமும் வாங்கவில்லை என்பதை நன்றியோடு குறிப்பிடுகின்றேன். குணமடைவது பெரும்பாலும் மாதக் கணக்கில் நடக்கும். வந்த வழியாகவே நோய் திரும்பிப் போகும். முதலில் வலிப்பும் விறைப்பும் நின்றன. பிறகு பேச்சு வந்தது. பேச்சோடு குழப்பமும் சந்தேகமும் சினமும் திரும்பி வந்தன. பைத்தியம் மறுபடி முற்றிவிட்டது என்று லயத்தில் சொன்னபோது, இது வீடு திரும்பும் வழியில் வரும் ஓர் இடம் மட்டுமே என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அம்மா கலங்கவில்லை. இதை முன்கூட்டியே சொல்லப்படாத குடும்பம், சரியாகக் குணமாகிக்கொண்டிருக்கும் பிள்ளையை அந்த நேரத்தில்தான் கைவிடும். மேலே சொன்ன 2013ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் 81 சதவீதமானோர் தம் வேலைகளைத் தாமே செய்யும் நிலைக்குத் திரும்பியிருந்தனர். ஏறத்தாழ 12 சதவீதமானோருக்கு நோய் மறுபடி வந்தது. ஆகவே நான் இன்றும் கிளினிக் கொப்பியோடு போய்வருகின்றேன். நான்காம் தரப் பிள்ளைகளுக்கு மறுபடி கற்பிக்கின்றேன். என் கையெழுத்து மட்டும் முன்புபோல் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனநோயுள்ளவர்களுள் மிகச் சிறிய பகுதியினருக்கே இந்நோய் இருக்கும். இக்கடிதத்தைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. “எனக்கு வந்தது மூளை நோய், பைத்தியமல்ல” என்று சொல்லி நான் மட்டும் மேலே ஏறிக்கொள்ளவும் விரும்பவில்லை. உளநல விடுதியில் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணும் நோயாளியே, அவருக்கும் சிகிச்சையும் மரியாதையும் உரியன. ஆனால் முன்பு எந்த மனக்குறையும் இல்லாத ஓர் இளம்பிள்ளை, காய்ச்சலுக்குப் பின்னர் சில நாட்களில் நிலைமாறி, வலிப்போ வாயசைவோ விறைப்போ காட்டினால், அவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, “நரம்பியல் வைத்தியர் ஒருமுறை பார்க்க வேண்டும்” என்று கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கூறுகின்றது. நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய மாவட்டங்களின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது. அனுமதிக்கும் இடத்தில், இரவிலும், நோயாளியின் உறவினர் சொல்வதை முழுமையாக மொழிபெயர்க்கத் தெரிந்த ஒருவர் கடமையில் இருக்க வேண்டும். அதுவரையில், தோட்ட மருந்துச்சாலைகளிலும் குடும்பநல உத்தியோகத்தர்களிடமும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒருபக்கப் படிவம் இருக்கட்டும்: எந்த நாளில் காய்ச்சல், எந்த நாளில் தூக்கம் போனது, எந்த நாளில் பேச்சு மாறியது, வலிப்பு வந்ததா, வாய் அசைந்ததா என்று நாளோடு குறித்து, அதை நோயாளியின் கையிலேயே கொடுத்தனுப்பலாம். அப்படிவத்தின் தமிழ் வடிவத்தை எழுதித்தர நானும் என்னோடு கற்பிக்கும் சிலரும் ஆயத்தமாக இருக்கின்றோம். சிங்கள வடிவத்தைத் தம்பி எழுதித்தருவான். மருத்துவச் சொற்களைச் சரிபார்க்க வைத்தியர் ஒருவர் முன்வந்தால் போதும்.

இங்ஙனம்,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.