எது அந்நியம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபணுவை மாற்றி ஆய்வகத்தில் செய்யும் மருந்துகள் உடலுக்கு அந்நியமானவை, இயற்கையானதே பாதுகாப்பானது என்று சென்ற இதழின் மருத்துவக் கட்டுரை தீர்ப்பளித்திருக்கிறது. அந்தப் பட்டியலில் நீரிழிவு நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் இருக்கிறது.

இன்சுலின் முன்பு எப்படிக் கிடைத்தது என்பது தாங்கள் அறியாததல்ல. 1920-களிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், அறுக்கப்பட்ட மாடுகள், பன்றிகளின் கணையத்திலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்கள்; அதைவிட இயற்கையான சரக்கு உண்டா? சிலருக்கு அது ஒவ்வாமல் தோல் தடித்தது. சிலருக்கு ஊசி போட்ட இடத்தில் சதை குழிந்தது. மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் புகுத்தித் தயாரித்து, 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்தோ, நம் கணையம் சுரப்பதையே அச்சாக ஒத்திருந்தது.

வளர்ச்சி ஹார்மோனின் கதை இதைவிடக் கொடியது. இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்ததைப் போட்டுக்கொண்ட குழந்தைகளில் சிலர், பல ஆண்டுகள் கழித்து மூளையை அழிக்கும் நோய்க்குப் பலியானார்கள். 1985-இல் அமெரிக்காவில் அது நிறுத்தப்பட்டு, அதே ஆண்டில் மரபணுப் பொறியியல் வழி ஹார்மோன் வந்தது. தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்த உறைகாரணியால் (ரத்தத்தை உறையவைக்கும் புரதம்), ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஆயிரக்கணக்கில் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானதும் 'இயற்கை'யின் கணக்கில்தான் சேரும்.

மருந்தின் விலையைக் கண்டித்திருந்தால் நானே பாராட்டி எழுதியிருப்பேன். இன்சுலினைக் கண்டறிந்தவர்கள் 1923-இல் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்தவர்கள். அதை எழுதத் தங்களுக்கு இடமில்லை. "ஊசிக்கு விடைகொடுங்கள்" என்னும் பொடி விளம்பரத்துக்கு மட்டும் முழுப் பக்கம் இருக்கிறது. அதுபற்றி நான் முன்பு எழுதிய கடிதங்கள் தபாலில் தொலைந்திருக்கும் என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு; அவள் கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மருந்து தண்ணீர்போலத் தெளிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சிரிஞ்சில் ஏற்றுவாள். தங்கள் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துவந்த உறவினர் ஒருவர், "இந்த ரசாயனத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாரேன்" என்று அவளிடமே சொன்னார். அவள் நிறுத்தினால் ஓரிரு நாளில் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும் என்பதைக் கட்டுரையாளர் எங்கும் குறிப்பிடவில்லை.

தாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தக் கூடாது என்று, அடுத்த இதழில் அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் ஒரு வரி வெளியிடுங்கள். இடம் போதாதென்றால், இக்கடிதத்தை விட்டுவிட்டு அந்த வரியை மட்டுமாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி